முட்டளவுத் தண்ணீரில் சொல்லாமல் விட்ட ஜோக்

முரளி,

நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு கஸ்தூரி, தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் உரிக்கிற வேகம் குறைந்தால் நம் பேச்சைக் கேட்கிறாள் என்று அர்த்தம். நேற்று நாம் பேசி முடிக்கிறவரை ஒரே வெங்காயம்தான். அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை; வம்பு கேட்பதில் அவளுக்குக் குருவே நான்தான். அதனால்தான் எழுதுகிறேன். உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுவாய் என்பதும் தெரியும். படி. உன் நைனாவைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி. மனுஷனுக்கு வெட்கம் அதிகம்.

புதன்கிழமை தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை. நம் பெண்கள் கையால் இறால் பிடிக்கிற கரையோரச் சேற்றில் ஊர்க்காரர்கள் வலைக்கழி நடலாமா, கூடாதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். "நீதாம்மா பேசணும்" என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வந்தால் துரத்தாதே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார் என்று சொல்லிக்கொடுத்தவன் நீ. பார்த்தேன். அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, சொந்த வீடு மாதிரி. வாடகை கேட்டால் தரும் போலவும் இல்லை.

உன் கூட்டத்தில் இந்தப் பக்கமே வராதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழவேற்காட்டு ஏரியில் எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊர்க்காரர்கள் கோயிலில் கூடி, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். காலனிக்காரர்களான நம் பெயர் அந்தச் சீட்டில் என்றைக்குமே இருந்ததில்லை. படகில்லை, வலையில்லை, பாடில்லை. இருப்பது இரண்டு கை. முட்டளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலையில் பின்னிய பறி என்கிற கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்கிறோம். பறி முகத்துக்குக் கீழே ஆடிக்கொண்டே கூட வரும். அகப்பட்டதை அதில் போட்டுவிட்டு மறுபடி தடவ வேண்டும். வாயைத் திறந்தால் பறி தண்ணீரோடு போய்விடும். என்னை மாதிரி வாய் ஓயாதவளுக்கு இந்த ஏரி கொடுத்த தண்டனை அது. மற்றபடி அந்த முட்டளவுத் தண்ணீரை யாரும் கேட்டதில்லை. அங்கே வலை போட்டால் சேறுதான் வரும் என்று விட்டுவைத்திருந்தார்கள். இப்போது மீன் குறைந்துவிட்டதாம், கரைவரைக்கும் கழி நடுகிறார்கள். நடுகிற இடத்தில் நாங்கள் இறங்கக்கூடாதாம்.

நீ மீஞ்சூரில் ஃபாக்டரி வேலைக்குப் போனதும், லீவு நாளில் சென்னைக்குப் போய் ஏதோ கூட்டத்தில் சேர்ந்ததும், அங்கே கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டதும் எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பையன் சாமியாராகப் போகிறான் என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டேன். அவள் மூலமாக அது சுண்ணாம்புக்குளம்வரை போய், உனக்குப் பெண் கொடுக்க இருந்த ஒரு குடும்பம் பின்வாங்கியது. அதற்கு நீ இன்னும் எனக்கு நன்றி சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் நீ வந்து அங்கன்வாடி வராண்டாவில் பாய் விரித்து எங்கள் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்தாய். "அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க, தோல் நிறத்த வச்சு மிதிபட்டவங்க, அதுல நெறைய பேர் நியாயம் கேக்கப் போறதுக்கு முன்னாடி இப்டி உக்காந்து பழகுறாங்க" என்றாய். கஸ்தூரி கேட்டாள், "அவுங்களுக்கும் காலனி இருக்குதாடா?" நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்குது சித்தி" என்றாய். அவ்வளவுதான், ஒருத்தி எழுந்து போகவில்லை. தியானம் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் அடுப்பில் பால் இருக்கிறது என்று கிளம்பியிருப்பார்கள்.

ஆனால் அன்றைக்கு நடந்த கூத்தை உன் கூட்டத்தில் சொன்னாயா, மறைத்துவிட்டாயா? "வாய மூடிக்கினு, கண்ண மூடிக்கினு, மூச்ச மட்டும் பாருங்க" என்றாய். வாயை மூடி அசையாமல் இருப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லோரும் இல்லாத கயிற்றைக் கடித்துக்கொண்டு முன்னால் குனிந்துவிட்டோம். கை தானாகப் பாயைத் தடவ ஆரம்பித்துவிட்டது. நீ கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரசு எதையோ பிடித்து, "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாளே, அது என் கால் கட்டைவிரல். அரைமணி நேரம் சிரித்தோம். "கைய மடியில வைங்க" என்று நீ கெஞ்சினாய். "கை சும்மா இருந்தா மூச்சு எங்க கீதுன்னே தெரியலடா" என்றாள் சரசு. அதைக் கேட்டு நீ கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. "அப்ப தண்ணியிலயே பாருங்க" என்றாய். அதற்கப்புறம் தினமும் பறியைக் கடித்துக்கொண்டு மூக்கால் போகிற காற்றைக் கவனிக்கப் பழகினோம். பெரிய ஞானமெல்லாம் வரவில்லை. முதல் வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாளில் நான் எத்தனை பேரை மனசுக்குள் திட்டுகிறேன் என்பதுதான். அதில் உன் நைனாவுக்குத்தான் முதலிடம்.

இரண்டாவதாகத் தெரிந்த விஷயம் அவ்வளவு சிரிப்பானது இல்லை. என் ஜோக் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டது. மகளிர் குழு விழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதுகிறவள் நான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சிரிப்புக்கு என்னை விட்டால் ஆளில்லை. கரையில் இறால் ஏலம் எடுக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் "இன்னாம்மா கரிச்சட்டி" என்று ஆரம்பிப்பதற்குள், "வாங்க வாங்க, கரண்ட்டு போனா என்னெக் கூப்புடாதீங்க, தேட முடியாது" என்று நானே சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். சிரிக்கிறவன் எடை போடும்போது கொஞ்சம் நேர்மையாகப் போடுவான். உனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும், ஒருநாள் கூடவே வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் சிரிக்க, நீ மட்டும் காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது, "அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே இன்னாத்துக்கும்மா சொல்லிட்ற?" என்று கேட்டாய். "நான் சொன்னா அது என் வாயி. அவன் சொன்னா அது அவன் வாயி" என்றேன். அந்தப் பதில் தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் கரையில் நின்றேன், உன்னையும் படிக்கவைத்தேன். ஆனால் பறியைக் கடித்துக்கொண்டு கவனித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு ஜோக்குக்கும் முன்னால் ஒரு சின்ன நடுக்கம் இருப்பது தெரிந்தது. முதலில் நடுக்கம், அதன் முதுகில் ஏறிக்கொண்டு ஜோக். இத்தனை நாள் ஜோக் மட்டும்தான் எனக்குக் கேட்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நீ கஸ்தூரி மகன் வாயால்தான் கேட்டாய், அவன் பாதியைச் சேர்த்துச் சொல்லியிருப்பான். நடந்தது இதுதான். காலை, வெயில் ஏறின நேரம். நாங்கள் ஒன்பது பேர் தண்ணீரில் இருந்தோம். மாணிக்கத்தின் மகன் தினேஷும் இன்னும் இரண்டு பேரும் படகில் கழியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உன் நைனா கூலிக்குப் போகிற அதே மாணிக்கம், அதே படகு; நைனாவை அன்றைக்கு வலை தைக்கக் கரையிலேயே விட்டிருந்தார்கள். நான் குனிந்திருந்ததால் அவர்கள் பக்கத்தில் வந்தது தெரியவில்லை. திடீரென்று வாயில் ஒரு இழுப்பு. தினேஷ் படகிலிருந்தபடியே கழியின் முனையைப் பறிக்குள் கொடுத்துத் தூக்கிவிட்டான். கயிறு பல்லில் இருக்கிறது, முகம் அதோடு மேலே போகிறது. தூண்டிலில் மாட்டின மீன் எப்படி வரும், அப்படி நிமிர்ந்தேன். உதட்டோரம் கிழிந்து உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. "இன்னா ஆயா, எங்க பாடு எடத்துல இன்னா தேட்ற?" என்றான். அவன் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே வயது. பாட்டியைக் கூப்பிடுகிற அந்த 'ஆயா' என்ற வார்த்தைக்கே தனியாக ஒரு கோபம் வந்தது.

கோபத்துக்குப் பின்னாலேயே ஜோக் வந்துவிட்டது. நல்ல ஜோக், முரளி. "கூடைய வச்சிக்கோ ராசா, அப்டியே பல்லையும் புடுங்கிக்கோ, டாக்டர் செலவு மிச்சம்." நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் மூன்று பேரும் சிரிப்பார்கள், பறியைத் தூக்கிப் போடுவார்கள், நாங்கள் கரையேறிவிடுவோம், அவர்கள் கழியை நட்டுவிட்டுப் போவார்கள், யாருக்கும் அடியில்லை. படகிலிருந்த மற்ற இரண்டு பேரும் பாதி சிரிப்பை ஏற்கெனவே முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போது அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டேன். தொடையிலிருந்து ஏறி வயிறுவரைக்கும் வந்தது. மூச்சு மூக்கின் வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தது. நடுக்கத்தை அதன் போக்கில் வர விட்டேன். ஜோக் நாக்கிலேயே இருந்து, இருந்து, கரைந்து போனது. "அது என் பறி. குடு" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. சின்னதாக, கிறீச்சென்று, சுத்தமாக அழகில்லாமல் வந்தது.

"இன்னா, இன்னிக்குக் காமெடி இல்லியா?" என்றான். "இல்ல. பறிய குடு" என்றேன். எனக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. சரசு நிமிர்ந்தாள், அப்புறம் கஸ்தூரி, அப்புறம் எல்லோரும். ஒருத்தி வாயிலிருந்தும் பேச்சில்லை, எல்லோர் பல்லிலும் கயிறு. எட்டுப் பேர், எட்டுப் பறி, பதினாறு கண். ஒரு பெண் கத்தினால் எப்படித் திட்டுவது என்று அவனுக்குத் தெரியும், அழுதால் எப்படிச் சிரிப்பது என்றும் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பறியைக் கவிழ்த்து இறாலைக் கொட்டிவிட்டு, வெறும் பறியை என் பக்கமாக வீசினான். "தாலுக்கா ஆபீஸ்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினான். அன்றைக்குக் கழி நடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கஸ்தூரி மகன் உன்னிடம் சொல்லியிருந்தால் நம்பாதே. காலை நேரத்து உழைப்பு முழுக்கத் தண்ணீரில் போனது, கரைக்கு வந்ததும் நான் வாந்தி எடுத்தேன்.

மத்தியானம் உன் நைனா வீட்டுக்கு வந்தார். படகுக்கு இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திட்டவில்லை. என் உதட்டைப் பார்த்தார். மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து போட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, "எப்பவும் போல ஒரு ஜோக்க சொல்ட்டு வந்துருக்கலாம்ல?" என்றார். அதைக் கேட்டுச் சிரிக்க வாயைத் திறந்தேன், உதடு வலித்தது, அழுகை வந்துவிட்டது. அவரும் என் கூட உட்கார்ந்து எதற்கு என்று தெரியாமலேயே அழுதார். உன் கூட்டத்தில் இந்த இடத்தைத்தான் மெதுவாகப் படிக்கச் சொன்னேன்.

இனிமேல்தான் உன்னிடம் போனில் சொல்லாதது வருகிறது. நேற்றுக் காலை மாணிக்கமே நம் வீட்டுக்கு வந்தார். காலனித் தெருவுக்குள் அவர் கால் வைத்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. "வாங்கய்யா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். "பரவால்ல பரவால்ல, அவசரமா போறேன்" என்று நின்றார். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைப் பார்த்தார், வேலிப்பக்கம் பார்த்தார், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார். அப்புறம் சொன்னார், "ஏம்மா, சின்னப் பையன் ஏதோ வெளையாட்டா பண்ட்டான், மனசுல வச்சிக்காத. புதங்கெழம நீ வா, நீ வந்தாதான் அங்க கலகலன்னு இருக்கும். எப்பவும் போல சிரிப்பா ரெண்டு வார்த்த பேசு, பெரியவங்க நாங்க பாத்து நல்லபடியா முடிச்சிர்றோம். உன் பையன மட்டும் வரவேணாம்னு சொல்ட்டுரு. படிச்ச பசங்க வந்தா பேச்சு பேஜாராய்டும். ரோட்டுல போற வர்ற பையன், நம்ம பசங்களும் சூடா கீறானுங்க, எதுக்கு சொல்லு. உன் வீட்டுக்காரர திங்கக்கெழமலேர்ந்து படகுக்கு வரச் சொல்லு." எல்லாம் சிரித்த முகமாகத்தான். நானும் சிரித்தேன். "சரிங்கய்யா" என்றேன். அவர் போனதும்தான் 'ரோட்டுல போற வர்ற பையன்' என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது.

அதனால் உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உன்னை வராதே என்று சொல்லத்தான் எடுத்தேன். முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும், வம்பு பேசுகிற வழக்கத்தில் கஸ்தூரி வெங்காயத்தில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். உன் மூச்சு, கழி வீசுகிறவன் கையைப் பிடிக்குமா? பிடிக்காது. நீயே சொல்லியிருக்கிறாய், இது தாயத்து இல்லை என்று. எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்று நம் ஆட்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். நீயும் அதையேதான் பாய் விரித்து, கண்ணை மூடச் சொல்லிச் சொல்கிறாயோ என்று ரொம்ப நாள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தண்ணீரில் நின்றபோது அது இல்லை என்று தெரிந்தது. பொறுத்துப் போகிறவளாக இருந்திருந்தால் அந்த ஜோக்கைச் சொல்லியிருப்பேன். நான் இத்தனை வருஷம் பொறுத்துப் போனதெல்லாம் சிரித்துக்கொண்டுதான். கவனித்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. முன்னெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடுவேன். இப்போது கதவு தட்டும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

மாணிக்கம் சொன்னதை நேற்றுச் சாயங்காலம் உன் நைனாவிடம் சொன்னேன். "திங்கக்கெழம வரச் சொன்னாரா?" என்று கேட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு வரியையும் சொல்லிக் காட்டினேன். "முட்டளவுத் தண்ணி நாங்க தடவுற எடம். அங்க கழி நடாதீங்க." அவ்வளவுதான். சொல்லும்போதே குரல் பிசிறியது. "இப்டி பேசினா எவன் கேப்பான்" என்றார். "சரி, நான்தான் மாணிக்கம், என்கிட்ட சொல்லு பாக்கலாம்" என்று நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் நாடகத்தில் கூட்டத்தோடு நிற்கிற வேஷம் கொடுத்தாலே ஓடுகிற மனுஷன். இருபது வருஷமாக அந்த ஆளின் படகில் இருந்தவர், மாணிக்கம் வேட்டியை ஒதுக்குகிறது, மூக்கை உறிஞ்சுகிறது, எல்லாம் அச்சாக வந்தது. நான் சொன்னேன். "இன்னாம்மா கரிச்சட்டி, எங்க உன் ஜோக்கு?" என்றார் அதே குரலில். எனக்கு நிஜமாகவே நடுங்கிவிட்டது. மறுபடி சொன்னேன். "ஒன்னு சொல்லேன், சிரிச்சிட்டுப் போலாம்" என்றார். சொல்லவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது குரல் பிசிறவில்லை. அவர் காலைக் கீழே இறக்கினார். அப்புறம் அவருடைய சொந்தக் குரலில், "திங்கக்கெழம நான் போவமாட்டேன்" என்றார். "புதங்கெழம உன்கூட வரேன். பேச எல்லாம் சொல்லாத. பக்கத்துல குந்திக்கினு இருப்பேன்."

இவ்வளவும் எழுதின பிறகு உன்னை வராதே என்று சொல்ல வரவில்லை. ஆனால் பேசப்போவது நான்தான். நீ முன்னால் வந்து நிற்க வேண்டாம். கஸ்தூரி, சரசு எல்லோரோடும் நடுவில் உட்கார். புதன்கிழமை காலை ரயிலில் எளாவூரில் இறங்கு. சிநேகிதன் பைக்கில் வருகிறேன் என்று கிளம்பாதே, ஏரிக்கரை ரோட்டில் பைக் வேண்டாம். ஸ்டேஷனில் நைனா நிற்பார். கூட்டம் அதிகமாக இருக்கிற பஸ்ஸாகப் பார்த்து இரண்டு பேரும் ஏறுங்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இறங்காதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வா.

அம்மா